தேரி மண்ணும் அரைக்கிலோ கடலையும்

நேற்று ராத்திரி அத்தை எங்க வீட்டு நடுக்கூடத்தில் இவர் வரைந்த படத்தை மோந்து பார்த்தாங்க. பார்க்கவில்லை, மோந்து பார்த்தாங்க. அப்போதிருந்து எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது.

ஆடி மாசம் பூரா இவர் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடுகளை நினைத்து, தேரிக்காடு தேரிக்காடு என்று அரற்றிக்கொண்டிருந்தது தெரிந்த விஷயம். ஸ்கூலில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மயிலும் வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவார். வீட்டில் இவர் வரைவதில் மாம்பழமும் இருக்காது, மயிலும் இருக்காது. போன வருஷம் தாமிரபரணி என்று ஒரு படம். பச்சையில் ஒரு தீற்று, சாம்பலில் ரெண்டு தீற்று. முப்பது வருஷம் குறுக்குத்துறையில் குளித்த எங்க அப்பா அதைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி மாப்ள, படித்துறை எங்க?” என்று கேட்டார். மாமனாரும் மருமகனும் ரெண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

இவருக்குக் குலதெய்வம் ரெண்டு. ஒன்று கற்குவேல் அய்யனார், இன்னொன்று ஓவியர் எஸ்.எச். ரஸா. மத்தியப் பிரதேசத்து மண்ட்லா காட்டுப்பக்கம் பிறந்து, 1950-ல் பிரான்ஸ் போய், அறுபது வருஷம் அங்கேயே இருந்தும் நர்மதைக் கரையை மறக்காத மனுஷன் என்று ஆரம்பிப்பார். சின்னதில் ரஸாவுக்குப் படிப்பில் கவனம் நிற்காமல் போக, வாத்தியார் சுவரில் ஒரு புள்ளி வைத்து இதையே பாரு என்றாராம். அந்தப் புள்ளிதான் பிற்பாடு ‘பிந்து’வாகி உலகம் சுற்றியது. என்னையும்தான் எங்க கணக்கு டீச்சர் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாங்க. எனக்குத் தெரிந்தது ஒரு பல்லி. ரஸாவின் ‘சௌராஷ்ட்ரா’ 2010-ல் லண்டன் ஏலத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் போனதை, சிலிண்டர் தீர்ந்துபோச்சு என்று நான் சொல்லும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவார். சிலிண்டர்காரர் இன்னும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, தேரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே பைக்கில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். தேரியை நான் வைய மாட்டேன். பார்த்த எவரும் வைய மாட்டார்கள். கண்ணுக்கெட்டின மட்டும் சிவப்பு, நடுநடுவே கழுத்துவரை புதைந்து நிற்கிற பனை. பார்த்தால் செம்மண், அள்ளினால் மணல். வெள்ளைப் பரல்தானாம், ஒவ்வொன்றுக்கும் இரும்பு துருவேறி ஒரு சட்டை மாட்டிவிட்டிருக்கிறதாம். காலையில் செங்கல் பொடி, உச்சியில் மிளகாய்ப் பொடி, சாயங்காலம் அஞ்சேமுக்காலுக்குப் பேரே வாயில் வராத ஒரு நிறம். இவருக்கு அந்த அஞ்சேமுக்கால் வேண்டும். அதற்குக் காலை ஆறு மணிக்கே காவல். ஆடிக் காற்று மண்ணை வாரி வாரி அடிக்கிறது. புளியோதரையைக் கடித்தால் நறநற. ராத்திரி காதைக் குடைந்தால் அதில் ஒரு படம் வரையலாம் போல.

திரும்பும்போது கட்டைப்பையில் மண். 2013-ல் கடற்கரைத் தாது மணல் எடுக்கத் தடை வந்ததிலிருந்து எங்க பக்கம் மணல் என்ற சொல்லையே மெதுவாகத்தான் உச்சரிக்க வேண்டும். வழியில் ஒரு சோதனைச் சாவடி.

“என்னவே பையில?”

“மண்ணு சார்.”

“எதுக்கு?”

“படம் வரைய.”

“என்ன படம்?”

“அரூபம் சார்.”

“அது எந்த ஊருவே?”

இருபது நிமிஷம் விளக்கினார். புள்ளி, நர்மதை, 16 கோடி எல்லாம் வந்தது. போனில் தாமிரபரணியையும் காட்டினார். “இது யாரு வீட்டுச் சுவரு?” என்று கேட்ட ஏட்டு, கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

பை அடுப்படி மூலைக்கு வந்தது. ஒரு வாரம் போனது, ரெண்டு வாரம் போனது. மண்ணோடு பழகணுமாம். நான்தான் அதைத் தாண்டித் தாண்டி நடந்து பழகினேன். இந்தக் காலத்தில் கடலை வறுக்க ஆற்று மணலுக்கு எங்கே போவது? சின்னவன் வேறு கடலை கடலை என்று உயிரை எடுக்கிறான். இருப்புச்சட்டியில் நாலு கை தேரி மண், அரைக்கிலோ கடலை. சும்மா சொல்லக் கூடாது, சூடு அத்தனை சீராக ஏறுகிறது. மாவு மாதிரி நைஸ், சல்லடையில் ஒரு பரல் தங்கவில்லை. இவரே மூன்று கை அள்ளித் தின்றுவிட்டு, “இன்னிக்கு என்ன இவ்ளோ ருசி?” என்றார். மண்ணை ஆறவைத்துப் பழையபடி பையிலேயே கொட்டிவிட்டேன். கொஞ்சம் கருத்திருந்தது. யாருக்குத் தெரியப்போகுது.

மறுநாள் அடுப்படியிலிருந்து ஒரு கூப்பாடு.

“ஏளா, ஓடி வா! அஞ்சேமுக்கால்!”

இவர் உள்ளங்கையில் நான் வறுத்த மண்.

“தானாப் பக்குவப்பட்டிருக்கு பாத்தியா. மண்ணுக்கு உயிர் இருக்குளா!”

நான் என்னத்தைச் சொல்ல. உயிர் இருந்திருந்தால் அந்தச் சூட்டில் போயிருக்கும்.

நாலடிக்கு மூன்றடி கேன்வாஸில் பசை தடவி, கருத்த மண்ணை நடுவில் ஒரு வளைவாகவும் மிச்சத்தைச் சுற்றிலும் ஒட்டினார். பார்க்க வந்த இன்னொரு டிராயிங் சார், கீழ் மூலையில் சுருண்டு கிடந்ததைக் காட்டி, “அந்தச் சருகு இருக்கு பாருங்க, அங்கதான் சார் நீங்க நிக்கீங்க” என்றார். அது கடலைத்தோல்.

இந்த நிலைமையில்தான் நேற்று ஊரிலிருந்து அத்தை கருப்பட்டியோடு வந்து இறங்கினாங்க. வந்ததும் மோந்து பார்த்துவிட்டு, “என்னளா, கடலை வாசம் அடிக்கு?” என்றாங்க.

“பெயிண்ட் அப்படித்தான் அத்தை.”

என்னை ஒரு பார்வை. அவ்வளவுதான். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளங்கையைப் படத்தின் மேல் வைத்தாங்க. கன்னுக்குட்டியைத் தடவுகிற மாதிரி அந்தக் கருத்த வளைவோடேயே கை போனது.

“இது நம்ம வீட்டுக்குப் பின்னால உள்ள மேடுல்லாலே. நான் வாக்கப்பட்டு வந்த வருசம் ஆடிக் காத்துல ஒரே ராத்திரில நடந்து வந்து வாசல மூடிட்டு. விடிய எந்திரிச்சா கதவு தொறக்கல. ஒங்கப்பா பொறவாசல் வழியா ஏறிக் குதிச்சு மம்பட்டியால வழி வெட்டுனாவ. நான் உள்ள இருந்து அழுதேன். இந்தா, இப்படித்தான் வளைஞ்சு கெடந்துச்சு.”

எதற்கும் இருபது நிமிஷம் பேசுகிற மனுஷன் வாயே திறக்கவில்லை. கீழே உட்கார்ந்து அத்தை காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

“நம்ம அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு மண்ணு எடுக்கப் போவ இந்த வருசம் முட்டு விடுமோ என்னமோ” என்று சொல்லிக்கொண்டே அத்தை படத்தின் கீழ் மூலையை நகத்தால் சுரண்டினாங்க. ஒரு சிட்டிகை மண், முந்தியில் முடிச்சு. இவர் தடுக்கவே இல்லை. நான் ஒரு தடவை தூசி தட்டினதற்கு என்ன குதி குதித்தார்.

படுக்கப் போகும்போது அத்தை என் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ வைத்து மூடிவிட்டுப் போனாங்க. விரித்துப் பார்த்தால் அந்தக் கடலைத்தோல்.

காலையிலிருந்து இவர் சருகைக் காணோம் என்று டார்ச் லைட்டோடு சோபாவுக்கு அடியில் கிடக்கிறார்.