வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களுக்காக

பெங்களூரில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களை அவர்கள் வீட்டிலும், நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் சின்ன இல்லங்களிலும் போய்ப் பார்க்கிற நர்ஸ் நான். ஊசி, டியூப், டிரெஸ்ஸிங் எல்லாம் இதில் கொஞ்சம்தான். ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டர் காதில் போடுவது, அம்மாவுக்கு மட்டும் தெரிந்ததை ராத்திரி டியூட்டிக்கு வரும் பெண்ணுக்குப் புரியவைப்பது, பெரும்பாலான நேரம் இதற்கே போகிறது.

எனக்கு வயிற்றைக் கலக்கும் பதில் ஒன்று உண்டு: "அவன் எப்பவும் அப்படித்தான் சிஸ்டர்."

ஸ்ரீராமபுரத்தில் செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராத நிலை) உள்ள ஒரு தம்பி, பேச்சு கிடையாது, சாப்பிட்டு முடித்ததும் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்திருந்தான். முரண்டு என்றார்கள், மனநல மாத்திரையைக் கூட்டலாமா என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது. வெளிக்குப் போனதைக் குறிக்கும் தாளை வாங்கிப் பார்த்தால் நாலு நாளாகக் கட்டம் காலி, வயிறு கல் மாதிரி இருந்தது. எச்சில் வடிகிறது என்று ஒரு டாக்டர் ட்ரைஹெக்சிபெனிடில் கொடுத்திருந்தார், ரத்தசோகைக்கு இன்னொருவர் இரும்புச்சத்து மாத்திரை. இரண்டுமே மலச்சிக்கல் தரக்கூடியவை. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை! இருவரிடமும் பேசி மருந்தை மாற்றி, வயிறு சரியானதும் கடிப்பதும் நின்றது.

நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். தலையை முட்டிக்கொள்பவருக்குப் பல்வலியோ காதுவலியோ இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதுகளிலேயே அல்சைமர் என்கிற மறதி நோய் வரக்கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதே ஆட்களுக்குத் தைராய்டு குறைவதும் சகஜம், அதுவும் ஆளை மந்தமாக்கும், அதற்கு மாத்திரை இருக்கிறது. கஞ்சி குடிக்கும்போது இருமுகிறவரைப் படுத்த வாக்கில் ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் விடும். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அப்புறமும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

பதினெட்டு வயது தாண்டினால் அப்பா அம்மாவே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். இவர்களுக்காக மத்திய அரசு அமைத்த நேஷனல் டிரஸ்டின் 1999 சட்டப்படி மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். அதே டிரஸ்டின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. இது தெரியாமலே கைக்காசைக் கரைக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

இந்த ஊரில் இன்னொரு சிக்கல் மொழி. வீட்டில் தமிழ், பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்தி, டாக்டர் கன்னடமும் இங்கிலீஷும். கன்னத்தைத் தட்டினால் தண்ணீர், உதட்டை மடித்தால் வலி என்பது அம்மாவுக்குத்தான் தெரியும், அவருக்கே உடம்பு முடியாமல் போனால்? அதனால் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்கிறேன்: எல்லா மருந்தும் அளவோடு, ஒவ்வாமை, எப்படி ஊட்டுவது, வலித்தால் என்ன செய்வார், வலிப்பு எப்படி இருக்கும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும், வலிப்பை நிறுத்தும் மருந்தான மிடசோலம் எங்கே இருக்கிறது, ஆம்புலன்ஸை யார் கூப்பிடுவது. டாக்டருக்கு இங்கிலீஷில் ஒன்று, கூட இருப்பவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் ஒன்று. மருந்து மாறினால் அன்றைக்கே தாளையும் மாற்றிவிடுங்கள், பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.