தியாகேசர் சந்நிதியில் ஒரு முறையீடு

என் தந்தையாரின் ஒன்றரை ஏக்கர் நஞ்சையைப் போலிப் பத்திரம் வழியாகத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட உறவினர் ஒருவர், சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். ‘உபயம்’ என்று தொடங்கித் தம் பெயரை அதில் சிவப்பு மையால் பெரிதாக எழுதச் செய்திருந்ததால், பாதி வெளிச்சம் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது. எங்கள் வழக்கு 12 ஆண்டுகளாக வாய்தாவில் இழுபட, அவருடைய வீடு மாடிமேல் மாடியாக எழும்புகிறது. ‘அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்’ என்று ஆறுதல் சொல்பவர்களிடம், எத்தனை நாள் நின்று என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் கேள்வியோடுதான் திருவாரூர் சென்றேன். அங்கே சிவபெருமான் தியாகேசராக வீற்றிருக்கும் கோயிலுக்கு வெளியே மனுநீதிச் சோழனின் கல்தேர் நிற்கிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்தது; இளவரசன்மீது தேரோட்ட மனம் வராத அமைச்சர் தம் உயிரையே விட்டார்; மன்னன் தானே ஒரே மகன்மீது தேரைச் செலுத்தினான்; பிறகு இறைவன் தோன்றிக் கன்று, அமைச்சர், இளவரசன் மூவரையும் எழுப்பினார் என்பது பெரியபுராணத்தில் சேக்கிழார் வாக்கு. அந்தக் கல்தேரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பசுவுக்கு ஒரு மணி இருந்தது என்ற பொறாமை, சொல்ல வெட்கமாக இருந்தாலும், எழத்தான் செய்தது.

சாயரட்சைக்கு உள்ளே சென்றேன். மலர்களுக்கு நடுவே தியாகேசரின் திருமுகம் மட்டுமே தெரிந்தது. இதே ஊரில்தான், இறைவனின் தோழர் எனப்படும் தேவாரப் புலவர் சுந்தரர் இவரை ஏசினார். மனைவி சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததுமே அவருக்கு இரு கண்களும் போயின. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண்ணுக்காக இங்கே வந்து நின்றார். தோழருக்கு மட்டும் தெய்வம் நின்று கொல்லவில்லை, அக்கணமே தண்டித்தது. தம்மவர் என்று எண்ணுபவர்களிடம்தான் இவர் இத்தனை அவசரம் காட்டுவாரோ என்று நினைத்தபோது, உறவினர்மீது எனக்கிருந்த ஆத்திரம் சற்றே குழம்பிப்போனது.

தவறு தம்முடையது என்று தெரிந்தும் சுந்தரர் பணிவாகக் கெஞ்சவில்லை. ‘மூளாத் தீப்போல் உள்ளே கனன்று’ வாடும் அடியார்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னாலும் சும்மா இருப்பீர், ‘வாழ்ந்து போதீரே’, அதாவது நீராவது நன்றாக வாழ்ந்து போம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கொழுந்துவிட்டும் எரியாமல் அணைந்தும் போகாமல் உள்ளே கனலும் அந்த நெருப்பைப் 12 ஆண்டுகளாக என் வீட்டுத் திண்ணையில், தந்தையாரின் முகத்தில் பார்த்து வருகிறேன். ஏசியவருக்கு வலக்கண்ணையும் கொடுத்தார் இறைவன்.

தீபாராதனையின்போது அந்த ஒரு பாட்டை மட்டும் வாய்க்குள் சொன்னேன். விடை கிடைத்தது என்று எழுதினால் அது பொய். மறுநாள் வீட்டில், மடித்துக் கொண்டுவந்த திருநீற்றை நெற்றி நிறைய இட்டுக்கொண்ட தந்தையார், அடுத்த வாய்தா என்றைக்கு என்று நாட்காட்டியைப் புரட்டத் தொடங்கினார்.