"இங்க பாரு" சொல்லாமல் காமிக்ஸ் பேசுவது

அம்மாவின் தம்பியும் நானும் சேர்ந்து நடத்தும் காமிக்ஸ், மாயக்கதை பாட்காஸ்ட் இப்போதுதான் ஒரு பதத்துக்கு வந்திருக்கிறது. மாமாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ், பைண்டு செய்த அம்புலிமாமா. என்னிடம் டோல்கீனின் மாயக்கதைகள், கொஞ்சம் மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸ், அலமாரி கொள்ளாத பேட்மேன். ரசனை ஒத்துப்போகிற இடம் ரொம்பக் குறைவு. சண்டைக்குப் பஞ்சமில்லாததால் பேச்சுக்கும் பஞ்சமில்லை. இதே மாதிரி ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்று, இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது மைக் பற்றித்தான். அதை முடித்துவிடுகிறேன். மேசை நடுவில் ஒரு போனை வைத்து ஆரம்பித்தோம். பிறகு நண்பனிடம் ஒரு கண்டென்சர் மைக் இரவல் வாங்கினோம். அடுத்த வீட்டு குக்கர் விசில், தெருவில் உப்பு விற்கிறவர், மாமாவின் நாற்காலி முனகல் எல்லாம் அதில் அட்சரசுத்தமாகப் பதிவானது. நம்மூர் வீடுகளுக்கு, சுற்றுச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் மைக்தான் சரி. வாய்க்கு நாலு விரல் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் போதும். கதவில் ஒரு ஜமுக்காளம், மைக்குக்குக் கீழே ஒரு மடித்த போர்வை. ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மதுரை மே மாதத்தில் அது என்ன தண்டனை என்று சொல்லத் தேவையில்லை. அதனாலேயே எங்கள் பேச்சு பாதியில் மோருக்கு நிற்கும்.

எடிட்டிங் ஆடாசிட்டி என்ற மென்பொருளில். பதிவு தொடங்கியதும் பத்து விநாடி யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அந்த வெறும் அறைச் சத்தத்தை மாதிரியாகக் காட்டினால், நாய்ஸ் ரிடக்‌ஷன் அதை மட்டும் கழித்துக் கொடுக்கும். ஆசைப்பட்டு அதைக் கூட்டினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். காதுக்குக் கேட்கும் ஒலியளவை எல்யூஎஃப்எஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரே தட ஒலியான மோனோவுக்கு மைனஸ் 19, இரு தட ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16. இரண்டு பேர் பேசுவதற்கு மோனோவே தாராளம். 64 கேபிபிஎஸ் எம்பி3யாக இறக்கினால் 40 நிமிடப் பேச்சு சுமார் 19 எம்பிக்குள் அடங்கும், டேட்டா பேக்கைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவர்களும் கேட்பார்கள். கருவி விஷயத்தில் இதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நிஜத் தலைவலி எது என்றால், மாமா நிமிஷத்துக்கு ஒரு தடவை "இங்க பாரு மாப்ள" என்பார். புத்தகத்தைத் திருப்பி, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைப்பார். நானும் பார்த்துவிட்டு "ஆமா மாமா, செம" என்பேன். பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? ஓவியன் ஒரு பக்கம் முழுக்க உழைத்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துச் சப்புக்கொட்டிக்கொண்டிருப்போம், அவருக்கு அந்தச் சப்புக்கொட்டல் மட்டும் கேட்கும். கதைச் சுருக்கம் சொல்லி ஒப்பேற்றலாம். பல காமிக்ஸ் நிகழ்ச்சிகள் அப்படித்தான் போகின்றன. ஆனால் கதையை மட்டும் சொல்வதென்றால் அது நாவலாக இருந்தால் என்ன, காமிக்ஸாக இருந்தால் என்ன?

அதனால் ஒரு சட்டம் போட்டோம். புத்தகம் ஒருவர் மடியில்தான் இருக்கும். மற்றவர் கையில் பென்சிலும் வெள்ளைத் தாளும். சொல்வதைக் கேட்டு அவர் வரைய வேண்டும். நான் சுமாராகக்கூட வரைய மாட்டேன், அது இதற்கு ரொம்ப வசதி. உடல் மறைந்து கை மட்டும் தெரியும் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான் இதைப் பழகினோம்.

"ஒரு கை வருது மாப்ள."

"எங்கேருந்து வருது மாமா?"

"எங்கேருந்தும் வரல. அந்தரத்துல நிக்குது. மணிக்கட்டோட சரி, அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. பின்னாடி செவுரு தெரியுது."

"வலது கையா, இடது கையா?"

"வலது. விரலெல்லாம் லேசா மடங்கியிருக்கு. மேசை டிராயரை இழுக்குது. காவல்காரன் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிட்டு நிக்கிறான்."

"கட்டம் பெருசா?"

"அரைப் பக்கம். அதான் சொல்றேன்ல, கைய விட்டா மீதியெல்லாம் இருட்டு."

இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக் கேட்கவில்லை. வரைய வேண்டும் என்பதால் தானாக வந்தவை. கேட்கிறவருக்கு எழும் சந்தேகமும் கிட்டத்தட்ட இதேதான். இப்போது ஒரு வரிசையே பழகிவிட்டது: கண் முதலில் எங்கே விழுகிறது, கட்டம் எவ்வளவு பெரிது, யார் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கே. வசனம் கடைசியில்தான். மாங்காவுக்கு மட்டும் வலமிருந்து இடம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யார் யாரை அடித்தார் என்பதே மாறிவிடும்.

மாயாவி இந்தப் பயிற்சிக்கு வாகான ஆள். 1962ல் இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. மாயாவியின் நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டேல், அவனுக்கு வலது கை போய் இரும்புக் கை பொருத்தியிருக்கும். உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வெறும் கறுப்பு மையில் நிழல் விழவைப்பதில் மன்னர். 1972ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவன் கதைதான். கிராண்டேல் ஆரம்பத்தில் நல்லவன் கிடையாது, சக்தி கிடைத்ததும் புத்தி பேதலித்துத் திருடத்தான் கிளம்புவான் என்று நான் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பெட்டியைக் கிளறி முதல் கதையைத் திரும்பப் படித்துவிட்டு வந்து, "சரி, ஆனா திருந்திட்டான்ல" என்றார். அதை வெட்டாமல் அப்படியே விட்டேன்.

மாயாவியைப் பேசும்போது மாமா சொன்ன இன்னொன்றும் பதிவில் இருக்கிறது. "கேக்கிறவனுக்கு நம்ம ரெண்டு பேருமே மாயாவிதான்டா. கைகூடத் தெரியாது, வாய் மட்டும்தான்." எங்கள் நிகழ்ச்சியின் விளம்பரத் துணுக்காக இப்போது அதைத்தான் போடுகிறோம்.

படத்தைக் காதுக்குச் சொல்லும் சிக்கல் புதிதல்ல என்பது தேடிப் படித்தபோது தெரிந்தது. சூப்பர்மேன் 1938ல் காமிக்ஸில் பிறந்தான், 1940 பிப்ரவரியிலேயே அமெரிக்க வானொலிக்கு வந்துவிட்டான். உடை மாற்றுவதை வானொலியில் எப்படிக் காட்டுவது? பட் காலியர் என்ற நடிகர் கிளார்க் கென்ட்டை மெல்லிய குரலில் பேசுவார், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவிலேயே குரலைக் கனமாக்கிக் கீழே இறக்கிவிடுவார். அவ்வளவுதான், உடை மாறிவிட்டது. சூப்பர்மேனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் கல்கூட 1943ல் வானொலியில்தான் முதலில் வந்தது, காமிக்ஸ் பக்கத்துக்கு வரப் பல வருஷம் ஆனது. காது கண்ணிடமிருந்து கடன் வாங்கியது போக, கண்ணும் காதிடம் வாங்கியிருக்கிறது. காலியர் உத்தியை நானும் முயன்றேன். இரண்டு பாத்திரத்துக்கு மேல் தாங்காது, மூன்றாவது ஆள் பேச ஆரம்பித்தால் தெருக்கூத்து ஆகிவிடும். மாமாவுக்கு அது நன்றாக வருகிறது, முக்கியமாக வில்லன் குரல்.

காமிக்ஸில் ஏற்கெனவே காதுக்கென்று இருப்பது சத்தச் சொற்கள். டுமீல், டமால், தடால், சதக், ணங், விஷ்ஷ். துப்பாக்கி எந்த மொழியில் சுட்டாலும் தமிழ் காமிக்ஸில் டுமீல்தான். இவற்றை எப்படி வாசிப்பது என்பதில் நிறையப் பரிசோதனை செய்தோம். நிஜத் துப்பாக்கி ஒலியை இணையத்தில் எடுத்துப் போட்டுப் பார்த்தால் சினிமாவாக இருந்தது, காமிக்ஸாக இல்லை. வாயால் கத்தினால் மைக் கிழிந்தது. இப்போது மாமா எழுத்தின் அளவைப் பார்த்துச் சொல்கிறார்: கட்டத்தின் ஓரத்தில் பொடியாக எழுதியிருந்தால் முணுமுணுப்பாக ஒரு "டுமீல்", கட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நீண்டிருந்தால் "டுமீ...ல்" என்று இழுத்து, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு. தூரத்தில் சுட்டதா பக்கத்தில் சுட்டதா என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளிக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நடப்பதை வாசகனே மனசுக்குள் நிரப்பிக்கொள்கிறான், காமிக்ஸின் உயிரே அங்கேதான் என்று அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஸ்காட் மெக்லவுட் 1993ல் விளக்கினார், அதுவும் காமிக்ஸ் வடிவிலேயே. ஓங்கிய கோடரி ஒரு கட்டம், அடுத்த கட்டத்தில் அலறல். வெட்டியது யார்? நாம்தான். பேச்சில் அந்த வெள்ளைக்கு ஈடு மௌனம். ஆடாசிட்டியில் ட்ரன்கேட் சைலன்ஸ் என்று ஒரு வசதி, நீண்ட மௌனங்களை எல்லாம் ஒரே சொடுக்கில் சுருக்கிவிடும். எடிட்டிங் வேலை பாதியாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதைத் தொடுவதில்லை. படம் சொல்லும் இடங்களில் ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே முழு ஒரு விநாடி விடுகிறேன், அந்த விநாடியில் பழைய சாணித்தாள் புரளும் சத்தம். இதற்காகப் பக்கம் புரட்டுவதைத் தனியே பதிவு செய்தோம். பழைய லயன் இதழின் தாள் சொரசொரவென்று சோம்பலாகப் புரளும். 2012க்குப் பிறகு வந்த வண்ண இதழ்களின் வழவழத் தாள் சரக்கென்று விறைப்பாகப் புரளும். எது எந்தக் காலத்துக் கதை என்பதற்கு இதையே அடையாளமாக வைத்துக்கொண்டோம். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், கேட்டு எழுதியவர்கள் அதிகம் பேசியது இதைத்தான்.

தகவல் சொல்லும்போது மட்டும் கறாராக இருக்கிறோம். இரண்டு இடத்தில் சரிபார்க்காத ஆண்டோ பெயரோ பேச்சில் வராது. காமிக்ஸ் ரசிகர்கள் பொல்லாதவர்கள், அதிலும் 50 வயது தாண்டியவர்கள். ஆனால் அந்தத் தேடலில் கிடைப்பது சில சமயம் கதையை விடச் சுவை. 80களில் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்காது, வலைத் துப்பாக்கி, குற்றச் சக்ரவர்த்தி என்று தானே பட்டம் சூட்டிக்கொண்ட கொள்ளைக்காரன். மூலம் 1965ல் பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கியது, அந்த இதழின் பெயரும் லயன்தான். அதன் பெரும்பாலான கதைகளை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். இதைச் சொன்னபோது மாமா எழுந்து நின்றுவிட்டார், மைக் வயர் இழுபட்டு டம்ளர் உருண்ட சத்தமும் பதிவில் உண்டு.

மாயக்கதை பக்கம் என் பொறுப்பு. அங்கே படம் இல்லை, பெயர்தான் பிரச்னை. டோல்கீன் மொழியியல் பேராசிரியர், முதலில் மொழியை உருவாக்கி, பிறகு அதைப் பேசுவதற்கு ஆட்களை உருவாக்கியவர். பத்து நிமிஷத்துக்குள் எல்ஃப் என்னும் அவருடைய மாய இனத்தாரின் பெயர்கள் ஏழெட்டை அடுக்கினால் கேட்பவர் இறங்கிப் போய்விடுவார். ஒரு பேச்சுக்கு மூன்று பெயர் என்று எல்லை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் "வில் வச்சிருக்கவன்", "தாடிக்காரத் தாத்தா" என்று மாமா வைக்கும் பட்டப்பெயரில்தான் வருவார்கள். 1981ல் பிபிசி வானொலி அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதையை அரைமணி நேரப் பகுதிகளாக 26 வாரம் நாடகமாக்கியது. அதில் கதைநாயகன் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்த இயன் ஹோம், இருபது வருஷம் கழித்து வந்த திரைப்படத்தில் ஃப்ரோடோவை வளர்த்த கிழட்டு பில்போவாக நடித்தார். 26 அரைமணி தேவைப்பட்டதை நாங்கள் 40 நிமிஷத்தில் பேச முயல்வது பேராசை. அதனால் ஒரு அத்தியாயம், சில நேரம் ஒரு பாலம், ஒரு கதவு, அவ்வளவே எடுத்துக்கொள்கிறோம்.

முடிப்பது எப்படி என்பதற்கு மட்டும் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. வேதாளம் இருக்கிறது. கதை முழுக்கச் சொல்லி, கடைசியில் ஒரு சிக்கலான கேள்வி. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் பிணம் திரும்ப மரத்துக்குப் போகும். நாங்களும் பேசிய கதையிலிருந்து நியாயம் சார்ந்த ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நிறுத்துகிறோம். பதில்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வருகின்றன. அவற்றில் சிலதை அடுத்த பகுதியின் தொடக்கத்தில் சேர்க்கிறோம். எழுத்தாக வந்ததை விடக் குரலாக வந்த பதில்களில் கோபம் நன்றாகத் தெரிகிறது. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த அந்த ஓவியத்தை, தோளில் பிணமும் உருவிய வாளுமாக ராஜா சுடுகாட்டில் நடப்பதை, மாமா வர்ணித்து நான் வரைந்தேன். ராஜா மூட்டை தூக்குகிறவர் மாதிரி வந்திருக்கிறார்.

கேட்பவர்கள் எண்ணிக்கை பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் மெல்ல ஏறுகிறது. முழுக் கதையை வாசித்துப் பதிவிடச் சொல்லிக் கேட்கிறார்கள். உரிமை பதிப்பகத்துடையது, அதனால் பேசுவதற்குத் தேவையான ஓரிரு வசனம் தவிர வாசிப்பதில்லை. புத்தகத்தை வாங்கிப் படியுங்கள் என்றே சொல்கிறோம்.

அடுத்தது டெக்ஸ் வில்லர். 1948ல் இத்தாலியில் போனெல்லியும் கல்லெப்பினியும் தொடங்கிய கௌபாய், நம்மூரில் இரவுக் கழுகார். பாலைவனமும் குதிரையும் பக்கம் பக்கமாக வசனமே இல்லாமல் வரும், அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. மூன்றே மூன்று கட்டம் தேர்ந்தெடுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். ஒரு பள்ளிக்கூட நோட்டில் பாதி நிரம்பும் அளவுக்குக் குறித்து அனுப்பியிருக்கிறார். ஐந்து வரை இறங்கி வந்திருக்கிறேன். "டெக்ஸோட கூட்டாளி கார்சனுக்குத் தனியா ரெண்டு கொடு" என்கிறார்.