கீரி சம்பா விலையைப் பாராளுமன்றக் கேள்வியாக்கிய கதை

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இருந்துகொண்டு வார இறுதியில் பிரியாணி ஓடர் எடுத்துச் செய்கிறேன். கீரி சம்பா அரிசிதான் போடுவேன், ஆட்களும் அதைத்தான் கேட்பார்கள். 2024 டிசம்பரில் அரசாங்கம் வர்த்தமானி அடித்து அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டது. சில்லறையில் நாடு 230, சம்பா 240, கீரி சம்பா 260 ரூபா. அதற்குப் பிறகு நான் வழக்கமாகப் போகும் கடைகளில் 260க்குக் கீரி சம்பா கிடைத்த நாட்கள் குறைவு. ஒன்றில் விலை கூட, இல்லையென்றால் "முடிஞ்சுது". இதை ஒரு எம்.பி. மூலம் பாராளுமன்றக் கேள்வியாக எழுதிக் கொடுத்தோம். எப்படிப் போனது என்று நாலு பேர் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் யோசித்தேன், 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து நுகர்வோர் அதிகாரசபையிடம் சொல்லிவிடுவோம் என்று. முறைப்பாடு என்றால் கையில் பில் வேண்டுமே. என்னிடம் இருந்த பில்லை எடுத்துப் பார்த்தேன். கொப்பியில் கிழித்த துண்டு, மேலே கடைப் பெயர் இல்லை, நீலப் பேனையால் "அரிசி 10" என்றும் கீழே "3000" என்றும் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். என்ன அரிசி? நாடா, கீரி சம்பாவா? வகைக்கு வகை கட்டுப்பாட்டு விலை வேறு என்னும்போது வகை எழுதாத பில்லை வைத்து யாரும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. கேட்டால் பில் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை, ஆனபடியால் "கீரி சம்பா" என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டவுடன் சில கடைகளில் அரிசியே இல்லாமல் போய்விடும், அது வேறு கதை.

சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு நானாவிடம் கனகாலமாக வாங்குகிறேன். அவரிடமே நேராகக் கேட்டேன். "புள்ள, 260க்கு விக்கச் சொல்றாங்க சரி, எனக்கு 255க்கு எவன் தாரான்? லொறியில கொண்டு வாறவன் பில்லுல 255 எண்டுதான் எழுதுவான். மிச்சத்தக் கையில வாங்குவான். வேணாமெண்டா அடுத்த கடைக்குப் போய்டுவான்." அந்த வர்த்தமானியில் கீரி சம்பாவின் உச்ச மொத்த விலை 255 ரூபா. அதாவது சில்லறைக் கடைக்கு கிலோவுக்கு 5 ரூபா, அதற்குள் இறக்குகூலி, சில்லறைப் பை, சிந்தின அரிசி எல்லாம். அவர் சொல்வது உண்மையா என்று நான் பரீட்சிக்கவில்லை, ஆனால் அந்தத் துண்டுப் பில்லின் காரணம் அப்போதுதான் விளங்கியது. 2021இல் திருத்திய நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால் தனியாளுக்குத் தண்டப்பணம் ஒரு லட்சத்தில் தொடங்கி ஐந்து லட்சம் வரை, கம்பனி என்றால் ஐந்து லட்சத்தில் இருந்து ஐம்பது லட்சம். நான் முறைப்பாடு கொடுத்தால் மாட்டப் போவது அந்தக் கடைக்கார நானாதான். லொறிக்காரனிடமும் அவனுக்கு அரிசி கொடுத்த ஆலையிடமும் இருக்கிற பில் எல்லாம் சுத்தமாக 255 என்றுதான் சொல்லும்.

அதனால்தான் எம்.பி.யிடம் போனேன். திருகோணமலை மாவட்டத்துக்கு நாலு எம்.பி.மார், யாரிடம் போனேன், எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. நாங்கள் உண்மையில் பேசியது அவருடைய செயலாளரோடு, இளம் பெடியன், நல்ல கெட்டிக்காரன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, அரிசி விலை ஏன் கூட எண்டு கேட்டா அமைச்சர் எழும்பி பத்து நிமிஷம் பேசிட்டு இருப்பார். எங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது" என்றார். சரி, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடக்கிற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கேட்க ஏலாதா என்றேன். கேட்கலாம், ஆனால் அங்கே இருப்பது மாவட்ட அதிகாரிகள். பெரிய ஆலைகள் பொலன்னறுவைப் பக்கம், அதற்கு இவர்கள் என்ன பதில் சொல்வது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நானே விண்ணப்பிக்கலாமே என்றும் யோசித்தோம். அது நல்ல வழிதான், காசும் பெரிதாகப் போகாது. ஆனால் அந்தச் சட்டத்தில் அலுவலகத்தின் கையில் இருக்கிற தகவலைத்தான் கேட்டு வாங்கலாம். ஏன் இப்படி, ஏன் செய்யவில்லை என்பதற்கு யாரும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. பாராளுமன்றத்தில் அமைச்சர் சொல்லியாக வேண்டும்.

எழுத உட்கார்ந்தபோது யாரைக் கேட்பது என்பதே முதல் சிக்கலாக வந்தது. நுகர்வோர் அதிகாரசபை வர்த்தக அமைச்சின் கீழ். நெல் சந்தைப்படுத்தல் சபை விவசாய அமைச்சின் கீழ். நெல்லுக்கு ஒரு அமைச்சர், அதைக் குற்றி அரிசியாக்கினால் இன்னொரு அமைச்சர்! இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டால் "அது என்னுடைய விடயதானம் அல்ல" என்று பாதியைத் தட்டிவிடலாம். ஆகவே அரிசியை மட்டும், வர்த்தக அமைச்சரிடம். சீனக்குடாவில் மா ஆலை எங்கள் கண் முன்னாலேயே நிற்கிறது, மா விலையையும் சேர்த்துக் கேட்போமே என்று நான் ஆசைப்பட்டேன். அந்தச் செயலாளர் தம்பி விடவில்லை, நல்ல காலம்.

கேள்வி எழுதுகிற முறை ஹன்சாட்டை, அதாவது பாராளுமன்றத்தில் பேசியதை அச்சிடுகிற பதிவைப் பார்த்தால் விளங்கும். (அ) என்று தொடங்கி, கீழே (i), (ii) என்று உடைத்து, "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று முடிப்பது. கடைசியில் "இன்றேல், ஏன்?" என்று ஒன்று. தமிழிலேயே கொடுக்கலாம். நாங்கள் எழுதியது சுருக்கமாக இதுதான்: 2025இல் திருகோணமலை மாவட்டத்தில் அரிசியைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றதற்காக எத்தனை வழக்குகள், அவற்றில் சில்லறைக் கடைகள், மொத்த வியாபாரிகள், ஆலைகள் மீது தனித்தனியாக எத்தனை, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையில் 5 ரூபா என்று எந்தச் செலவுக் கணக்கை வைத்து முடிவெடுத்தார்கள். இரண்டாவதில்தான் என் முழு ஆர்வமும். மொத்த எண்ணிக்கையை மட்டும் கேட்டால் ஒரு பெரிய எண்ணைச் சொல்லி கைதட்டு வாங்கிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பிரித்துக் கேட்டால் யாரைப் பிடிக்கிறார்கள் என்பது தானாக வெளியில் வரும்.

5 ரூபாவைப் பற்றிக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் கீரி சம்பா நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 132 ரூபா. ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நெல் வேண்டும், ஆக நெல்லுக்கே 200 ரூபா அளவில் போய்விடும். தனியார் போட்டி போட்டுக் கூட விலைக்கு வாங்கினால் ஆலைக்காரருக்கும் கணக்கு இறுகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 255 வரைக்கும் ஆலைக்கும் மொத்த வியாபாரிக்கும் இடம் இருக்கிறது, சில்லறைக் கடைக்கு விட்டது அந்த 5 ரூபாதான். வர்த்தமானி விலை மட்டும் போட்டு அரிசி சந்தைக்கு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2021 செப்டம்பரிலேயே பார்த்துவிட்டோம். விலை போட்டார்கள், அரிசி ஒளிந்தது, மாதக் கடைசியில் அந்த விலையையே மீளப் பெற்றார்கள்.

கேள்வி கொடுத்தாயிற்று. இனி இலக்கத்தோடு ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் அன்றைய அலுவல் பட்டியலில்) வர வேண்டும். வந்தாலும் அமைச்சர் இரண்டு வார அவகாசம் கேட்பது சாதாரணமாக நடப்பதுதான். பதில் நீளமாக இருந்தால் வாசிக்காமல் சபாபீடத்தில் வைத்துவிடுவார்கள், அதுவும் ஹன்சாட்டில் அச்சாகும், பாராளுமன்ற இணையத்தளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். மேலதிகக் கேள்வி கேட்க எம்.பி.க்கு வாய்ப்புக் கிடைத்தால் கேட்பதற்கு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்: பில்லில் 255 எழுதிவிட்டு மிச்சத்தைக் கையில் வாங்குகிற மொத்த வியாபாரியைக் கண்டுபிடிக்க அதிகாரசபையிடம் என்ன வழி இருக்கிறது?

கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் கடை வைத்திருக்கிறவர்கள், சமையல் ஓடர் எடுக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், வகையும் திகதியும் விலையும் எழுதிய பில்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். பதில் வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.