இரண்டு வருஷம் சும்மா கிடந்த சுவிட்ச்

ஃபைபர் கேபிளில் வரும் ஒளியை ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு மாற்றிவிடும் ஆப்டிகல் சுவிட்சை விற்பவர்கள் முதலில் பெருமையாகக் காட்டுவது ஆயுள் கணக்கை: ஒரு கோடி தடவை மாறும் என்பார்கள். எண் உண்மைதான், சோதித்துத்தான் போடுகிறார்கள். ஆனால் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்து இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சுவிட்சுக்கு அந்த ஒரு கோடியால் என்ன பயன்? அது வருஷக்கணக்கில் ஒரு தடவைகூட அசையாது. ஒருநாள் சாலை அகலப்படுத்த வந்த ஜேசிபி கேபிளை அறுத்துவிடும். அந்த நேரத்தில், அந்த ஒரே ஒரு தடவை, சரியாக மாற வேண்டும்.

காட்பாடியில் இருந்துகொண்டு இந்தச் சுவிட்சுகளின் ஒளிப்பகுதியை வடிவமைப்பது என் வேலை. இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றுதான்: ஓடித் தேய்வதற்கு எல்லோரும் சோதனை செய்கிறோம், சும்மா கிடந்து கெடுவதற்குப் போதுமான சோதனை செய்வதில்லை.

சுவிட்ச் எங்கே வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கியமான இணைப்புக்கு இரண்டு வழி போட்டிருப்பார்கள். அனுப்பும் முனையில் ஒளியைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டிலும் விடுவார்கள். அந்தப் பிரிப்பிலேயே 3 டிபி (ஒளி இழப்பை அளக்கும் டெசிபல், 3 என்றால் பாதி) போய்விடும். வாங்கும் முனையில் இருக்கிற சுவிட்ச், நல்ல வழியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வழி செத்தால் 50 மில்லி செகண்டுக்குள் மறுவழிக்குப் போய்விட வேண்டும் என்பது எஸ்டிஹெச் என்ற பழைய தொலைத்தொடர்புத் தரநிலையின் காலத்திலிருந்து இருக்கிற கணக்கு. சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சே பத்து மில்லி செகண்ட் அளவில் மாறிவிடும், அதனால் வேகம் பிரச்சினையே இல்லை. (இரண்டு கேபிளையும் பாலாற்றில் ஒரே பாலத்தின் மேல் கொண்டுபோனால் உலகத்திலேயே சிறந்த சுவிட்சை வைத்தும் பலனில்லை. அது தனிக் கதை.)

வாலாஜா பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் இணைப்பு, யார் செய்த சுவிட்ச் என்பது வேண்டாம். கேபிள் அறுந்தது, இரண்டு வருஷம் சும்மா கிடந்த சுவிட்ச் மாறியது, இணைப்பு மட்டும் திரும்ப வரவில்லை. ஸ்ப்ளைசிங் (ஃபைபரை ஒட்டி இணைக்கும் வேலை) பார்க்கும் அண்ணன் ஒருவர், அந்தப் பாதையில் பல வருஷம் உழைத்தவர், போனில் சொன்னார்: "மாறிடுச்சு தம்பி, டிக்குன்னு சத்தம் நல்லாவே கேட்டுச்சு. லைட்டுதான் வரமாட்டேங்குது. நீ ஒரு எட்டு வந்து பாரேன்."

போய் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தோம். மாற்று வழியிலிருந்து சுவிட்சுக்குள் நுழையும் ஒளி மைனஸ் 19 டிபிஎம் (ஒரு மில்லி வாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்), அருமையாக இருக்கிறது. வெளியே வருவது மைனஸ் 26. ஒரு டிபிக்குள் இழக்க வேண்டிய சுவிட்ச் ஏழு டிபியை விழுங்கிவிட்டது. பழைய நிலைக்குத் திருப்பி, கையில் இருந்த ஒளி மூலத்தை வைத்துப் பார்த்தால் அரை டிபிகூட இழப்பில்லை. அதாவது முதல் நிலை புத்தம் புதிது போல இருக்கிறது, இரண்டாவது நிலை கெட்டுக் கிடக்கிறது.

பிறகு அதைப் பிரித்தபோது காரணம் புரிந்தது. உள்ளே இரண்டு கோலிமேட்டர், அதாவது ஃபைபரிலிருந்து வரும் ஒளியை அரை மில்லி மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலமுள்ள இணைக்கற்றையாக்கும் லென்ஸ் குழாய்கள், நேருக்கு நேர் பார்க்கின்றன. முதல் நிலையில் ஒளி நேராகப் போய்விடும். இரண்டாவது நிலையில் ரிலேயின் (மின்காந்தத்தால் அசையும் பாகம்) கை ஒரு சின்னக் கண்ணாடியைக் கற்றையின் குறுக்கே கொண்டுவந்து, மூன்றாவது கோலிமேட்டரிலிருந்து வரும் மாற்று வழி ஒளியை வெளியே போகும் கோலிமேட்டருக்குத் திருப்பும். அந்தக் கண்ணாடி கையின் நுனியில் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பசை இளகி, கண்ணாடி இம்மியளவு சாய்ந்திருந்தது. இந்த அளவுக் கற்றையில் கண்ணாடி 0.085 டிகிரி சாய்ந்தால் போதும், கற்றை அதைப்போல இரு மடங்கு, 0.17 டிகிரி திரும்பும், 6 டிபிக்கு மேல் காலி. கண்ணால் பார்த்தால் எதுவுமே தெரியாது. லென்ஸை வைத்து உற்றுப் பார்த்தபோது பசையின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் லேசாக வழிந்து உறைந்திருந்தது தெரிந்தது, அவ்வளவுதான்.

ஏன் இளகியது? மே மாதம் கத்திரியில் வேலூர்ப் பக்கத்து நிழலே 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டி, உள்ளே சூடு கக்கும் கருவிகள், நின்றுபோன விசிறி எல்லாம் சேர்ந்தால் 60ஐத் தாண்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பசைக்கும் கெட்டி நிலையிலிருந்து இளகு நிலைக்குப் போகும் ஒரு வெப்பநிலை உண்டு. அதை நெருங்க நெருங்க பசை கல்லாக இல்லாமல் மெதுவாக நகர ஆரம்பிக்கும். புற ஊதாக் கதிர் காட்டி அவசரமாக உறையவைத்து, பிறகு சூளையில் வைத்து முழுதாக முற்றவிடாத பசையில் அந்த வெப்பநிலை இன்னும் கீழே இறங்கிவிடும்.

எனக்கு இதைவிட ஆத்திரம் தந்தது வேறு ஒன்று. கண்காணிப்புக்கென்று சுவிட்ச் இருந்த அந்த மின்சுற்றுக் கார்டில் ஒளியை அளக்கும் ஃபோட்டோ டையோடு இருந்தது. இரண்டு வழிகளின் ஒளியையும் அது இரவும் பகலும் அளந்துகொண்டே இருந்தது, திரையில் பச்சை விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது. ஆனால் அளந்தது சுவிட்சுக்கு முன்னால். ஒளி வாசல் வரை வந்ததைத்தான் அது பார்த்தது, உள்ளே போய் வெளியே வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது நாங்கள் வரையும் ஒவ்வொரு கார்டிலும் சுவிட்சிலிருந்து ஒளி வெளியே வரும் வாய்க்குப் பின்னாலும் ஒரு டேப், அதாவது ஒளியில் ஒரு துளியைப் பிரித்து அளக்கும் கிளை, வைக்கிறோம். அதற்காக சின்ன இழப்பு கூடுகிறது, பரவாயில்லை. கூடவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ராத்திரி இரண்டு மணி வாக்கில், முன்னறிவிப்போடு சுவிட்சை ஒரு தடவை மாற்றி அளந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாட்டை மென்பொருளிலேயே போட்டுவிட்டோம். சில மில்லி செகண்ட் தடங்கலுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் நான் சண்டையே போடுவேன்.

உலோகத்தையும் சும்மா விட முடியாது. லென்ஸ் இல்லாமல் ஃபைபரை ஃபைபருக்கு நேராக நகர்த்தும் வகை சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி போகும் பகுதி சுமார் 9 மைக்ரான். இரண்டு மைக்ரான் விலகினால் 0.6 டிபி, ஐந்து விலகினால் 4 டிபி. இழப்பு விலகலின் வர்க்கமாக ஏறும். ஒரு பக்கத்தை 10 மில்லி மீட்டர் அலுமினியமும் மறுபக்கத்தை அதே உயரக் குவார்ட்ஸும் தாங்கினால், 40 டிகிரி ஏற்றத்தில் இரண்டுக்கும் 9 மைக்ரான் வித்தியாசம் வந்துவிடும். ஃபைபரே விலகிப்போனது போலத்தான். அலுமினியத்துக்குப் பதில் சூட்டில் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவை போட்டால் அரை மைக்ரானுக்குள் முடிந்துவிடும். விலை அதிகம், கடைசல் வேலையும் கஷ்டம், ஆனாலும் நான் இன்வார் பக்கம்தான்.

அசையும் பாகமே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சிலிக்கா அலைவழியைச் சூடாக்கி மாற்றும் சுவிட்ச் இருக்கிறது, லித்தியம் நியோபேட் படிகத்தில் நானோ செகண்டில் மாறுவதும் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் அவை தங்கள் நிலையை மறந்துவிடும். காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் லாட்சிங் ரிலே அப்படியில்லை, பேட்டரியும் காலியான பெட்டியில்கூட எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும். மின்வெட்டு இருக்கிற ஊரில் அது சின்ன விஷயமில்லை.

சிலிக்கானில் செதுக்கிய நுண் கண்ணாடிகளை அசைக்கும் மெம்ஸ் சுவிட்சுகள் பெரிய நிலையங்களுக்கு. 1999ல் லூசென்ட் நிறுவனம் 256 வழிகளை 256 வழிகளோடு இணைக்கும் கண்ணாடி ரவுட்டரை அறிவித்தபோது எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள், பிறகு சந்தை சரிந்து அடங்கிப்போனது. கூகுள் தன் தரவு மையங்களில் மெம்ஸ் சுவிட்சுகளை ஓட்டுவதை 2022ல் வெளியிட்டது. அங்கேயும் சும்மா கிடப்பதன் தொல்லை உண்டு: ஈரப்பதம் இருந்தால் நுண் பரப்புகள், மழையில் ஊறிய மரக்கதவு நிலையோடு பிடித்துக்கொள்வது போல ஒட்டிக்கொள்ளும். ஒரே மின்னழுத்தத்தில் மாதக்கணக்கில் பிடித்து வைத்தால் மின்காப்புப் படலத்தில் மின்னூட்டம் தேங்கி, கண்ணாடி நகரும். ஈரம் புகக் கூடாது என்றுதான் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பிக் காற்றுப் புகாமல் அடைத்து, ஹீலியத்தால் கசிவு பார்க்கிறார்கள்.

தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான டெல்கார்டியாவின் ஜிஆர்-1073, ஜிஆர்-1221 தர ஆவணங்களை நாங்களும் பின்பற்றுகிறோம், 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்று அடுப்பில் போட்டு எடுக்கிறோம். அதோடு நான் சேர்த்திருப்பது ஒன்று. சுவிட்சை முதல் நிலையில் வைத்து, நடுவில் ஒரு தடவையும் மாற்றாமல் முழுச் சோதனையும் முடியட்டும். அப்புறம் சுவிட்சை மாற்ற ஒரே ஒரு மின் பல்ஸ். அந்த முதல் அசைவில் வரும் இழப்பு மட்டுமே கணக்கு. இரண்டாவது தடவையில் சரியாகிவிட்டது என்றால் அந்தப் பாகம் தோற்றது என்றே எழுதுகிறேன், ஏனென்றால் களத்தில் அதற்கு இரண்டாவது தடவை கிடைக்காது.

இப்போது பசையே இல்லாமல் கண்ணாடியை லேசர் வெல்டிங்கில் பிடித்த புது மாதிரி சிலவற்றை மொட்டை மாடியில் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே பசை போட்டவையும் இருக்கின்றன. கத்திரி முடியும்வரை எதையும் தொடப் போவதில்லை. முதல் அசைவில் என்ன வந்தது என்று அளவுகளோடு இங்கேயே போடுகிறேன். உங்கள் பக்கம் பெட்டிக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அளந்து வைத்திருப்பவர்கள் எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.