கட்டை அவிழ்ப்பதற்கு முன்

துறவற சபை ஆவணங்களுக்குப் பெரிய எதிரி கரையான் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். இந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு ஆளைக் காட்டுவார்கள்: மாற்றலாகி வந்த புதிய இல்லத் தலைவர், ஒரு சனிக்கிழமை, கூட இரண்டு பையன்கள், 'அந்த அலமாரியைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணுங்கப்பா' என்று ஒரு சொல். கரையான் ஒரு தட்டைத் தின்று தீர்க்க மாதக்கணக்கில் ஆகும். இதற்கு ஒரு மத்தியானம் போதும்.

வந்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒரே மாதிரித் தாள்களை ஒன்றாகச் சேர்க்கிறார். கடிதங்கள் ஒரு பக்கம், கணக்குகள் ஒரு பக்கம், துண்டுச் சீட்டுகள் குப்பைக்கு. தாள் எல்லாம் தப்பித்தாலும் அதன் பொருள் போய்விடுகிறது. ஏன் என்று சொல்ல இயேசு சபையின் மதுரை மிஷன் தாள்களை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மதுரை மிஷனுக்கு இரண்டு வாழ்வு. பழையது 1606இல் இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததோடு தொடங்குகிறது. 1759இல் போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சபையை விரட்டியது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் சபையையே கலைத்தார். 1814இல் அது மீண்டும் நிறுவப்பட்டது. பிரெஞ்சு இயேசு சபையினர் 1838இல் பணியை ஏற்றதிலிருந்து புது மிஷன். இந்த இடைவெளியால் தாள்களும் நாடு நாடாகச் சிதறின. பழைய மிஷனின் மடல்களுக்கு ரோமிலுள்ள சபைத் தலைமைக் காப்பகத்துக்குப் போகவேண்டும். மதுரை அடங்கிய மலபார் மாநிலம் (சபையின் நிர்வாகப் பிரிவு) 1605லேயே கோவா மாநிலத்திலிருந்து பிரிந்துவிட்டாலும், ரோமில் அவை கோவா வரிசையில்தான் இருக்கின்றன. புது மிஷனின் தாள்களுக்கு பாரிஸ் அருகே வான்வ் ஊரிலுள்ள சபைக் காப்பகம், இங்கே கொடைக்கானல் மலையில் 1895இல் தொடங்கிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி.

சபை தொடங்கிய காலத்திலேயே அதன் நிறுவனர் இனிகோ (இஞ்ஞாசியார்) கடிதம் எழுத ஒரு முறை வைத்தார். தலைமைக் கடிதம் தனி. அதை நண்பர்களுக்கும் புரவலர்களுக்கும் படித்துக் காட்டலாம். சண்டை, கடன், உடன் உழைப்பவரின் குறை ஆகியவை தனித் துண்டுச் சீட்டில் வரவேண்டும். ஆக, மனந்திரும்பியவர் எண்ணிக்கை பெரிய தாளில் இருக்கும். உண்மையில் அந்த வருடம் எப்படிப் போயிற்று என்பது பக்கத்திலுள்ள சீட்டில் இருக்கும். சீட்டைப் பிரித்து வேறு பெட்டியில் போட்டால் பெரிய கடிதம் வெறும் புகழ்மாலை ஆகிவிடும்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை ரோமுக்குப் போன உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். முதல் ஏட்டில் பெயர், ஊர், வயது, உடல்நிலை, படிப்பு. இரண்டாம் ஏட்டில் அதே ஆளின் அறிவுத்திறன், விவேகம், குணம், எந்த வேலைக்கு ஏற்றவர் என்ற கணிப்பு. ஆனால் அங்கே பெயர் கிடையாது, எண் மட்டும். வழியில் யார் கையிலாவது சிக்கினாலும் ஆள் தெரியக்கூடாது. மூன்றாம் ஏடு இல்லங்களின் வரவு செலவு. முதல் ஏடு தொலைந்தால் இரண்டாவது ஏடு '14: விவேகம் சுமார், கோபக்காரர்' என்ற ரீதியில் யாருக்கும் உதவாத குறிப்பாக நிற்கும்.

'ரெண்டு பிரதி இருக்கு, ஒண்ணைத் தூக்கிப் போடலாம்' என்பதும் இதே கதைதான். கப்பல் மூழ்கும் என்பதால் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதியாக எழுதி வெவ்வேறு கப்பலில் அனுப்பினார்கள். தாளின் தலையில் 'முதல் வழி', 'இரண்டாம் வழி' என்று போர்த்துகீசியத்தில் குறித்திருக்கும். இரண்டாம் பிரதி எழுதும்போது நாலு நாள் தள்ளியிருந்தால் புதுச் செய்தி ஒன்று ஓரத்தில் ஏறியிருக்கும். அடுத்த மிஷன் வரலாற்றாசிரியருக்கு வேண்டியது அந்த ஓரக் குறிப்பாகவே இருக்கலாம்.

அதனால் ஒரு பங்கிலிருந்தோ மூடிய இல்லத்திலிருந்தோ தாள்கள் வரும்போது கையை வைப்பதற்கு முன்னால் கேமராவை எடுக்கவேண்டும். அலமாரி முழுவதும் ஒரு படம், தட்டுக்கு ஒரு படம், கட்டுக்கு ஒரு படம். கட்டு எந்தக் கயிற்றால் கட்டியிருந்தது, மேலுறையில் யார் கையெழுத்து என்பதுகூட முக்கியம். பிறகு வரவுப் பதிவேட்டில் தேதி, எங்கிருந்து, யார் கொடுத்தது, எத்தனை பெட்டி. இதற்குப் பிறகுதான் அவிழ்ப்பது. உள்ளே இருந்த வரிசையிலேயே தாளின் வலது மேல் மூலையில் மென்மையான பென்சிலால் எண். பேனா கூடாது, ரப்பர் முத்திரை அதைவிடக் கூடாது. பழைய நூலக முத்திரை மை எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கெடுத்த தாள்கள் எல்லாக் காப்பகத்திலும் உண்டு. குண்டூசி, ஸ்டேப்பிள், ஜெம் கிளிப் மூன்றும் துருப்பிடித்துத் தாளைத் தின்பவை. இழுக்காமல், தட்டையான எலும்புக் கத்தியால் கம்பியின் காலை நிமிர்த்தி எடுக்கவேண்டும். எடுத்ததும் அந்தத் தாள்கள் சேர்ந்திருந்தன என்பதற்கு ஒரு மடிப்பு உறை. இல்லாவிட்டால் கம்பி வைத்திருந்த உறவை நாமே அறுத்தவர்கள் ஆவோம்.

மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் எழுதிய மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்ந்தது. எழுதும்போது வெளிறி, காற்றுப் பட்டுக் கறுத்து, நூறு வருடம் கழித்துப் பழுப்பாகும். அன்னபேதி மிகுந்த மை அமிலமாகித் தாளை எரிக்கும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம், அடுத்து பின்பக்கம் எழுத்து தெரிவது, பிறகு கோடு கோடாக வெடிப்பு, கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை. இரண்டு பக்கமும் எழுதிய தாளில் இது சீக்கிரம் வரும். இப்படிப்பட்ட தாளில் தண்ணீர் கலந்த பசையைத் தடவுவது பெரிய தவறு. ஈரத்தில் இரும்பு அயனிகள் எழுத்தைத் தாண்டிப் பரவி, நல்ல இடத்தையும் எரிக்கும். பாத்தோபினாந்த்ரோலின் என்ற வேதிப்பொருள் தடவிய சோதனைத் தாளை லேசாக நனைத்து எழுத்தின் மேல் ஒற்றிப் பார்த்தால், இரும்பு இருந்தால் அது ரோஜா நிறமாகும். அப்போது ஜெலட்டின் தடவிக் காயவைத்த மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டும் அளவுக்கு மட்டும் ஈரப்படுத்தி, வெடிப்பின் மேல் போடலாம். செல்லோ டேப் ஒட்டுகிறவருக்கு நல்ல மனசு இருக்கலாம். பத்து வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

புது மிஷன் காலத்துத் தலைவர்கள் வெளியே அனுப்பிய கடிதங்கள் நகல் புத்தகத்தில் இருக்கும். வெங்காயத் தோல் போன்ற தாளை நனைத்து, கடிதத்தின் மேல் வைத்து அழுத்தி எடுத்த நகல் அது. எழுத்து தாளின் பின்பக்கம் பதிந்திருப்பதால் முன்பக்கம் வழியாகத்தான் நேராகப் படிக்க முடியும். ஸ்கேன் எடுக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைக்காவிட்டால் மூன்று கடிதங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். வெளிச்சத்தில் இந்த மை சீக்கிரம் மறையும், தண்ணீர் பட்டால் கரையும்.

மலையில் குளிர் நல்லதுதான், ஈரம்தான் தொல்லை. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். வடகிழக்குப் பருவமழையில் மூடுபனி ஜன்னல் வழியாக நடந்து உள்ளே வரும்போது 'காற்றோட்டம் இருக்கட்டும்' என்று திறந்து வைப்பது அதை அழைத்து உட்காரவைப்பது போல. இரும்பு அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்தகட்டில் நீர் கோக்கும். ஒரு சாண் இடைவெளி விடவேண்டும், கீழ்த்தட்டையும் தரையிலிருந்து அவ்வளவு உயர்த்தவேண்டும். அந்துருண்டை பூச்சியைக் கொல்வதைவிட உள்ளே வேலை செய்கிறவரின் தலையை வலிக்கவைக்கும். வேப்பிலை காய்ந்து நொறுங்கிப் பூச்சிக்கே தீனியாகும். பூச்சி விழுந்த கட்டை பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, கழித்தல் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, எடுத்த பின் ஒரு நாள் பையைத் திறக்காமல் விட்டால் முட்டையும் சாகும். கண்ணாடி நெகட்டிவையும் அரக்கு முத்திரை போட்ட தாளையும் மட்டும் அதில் வைக்கக்கூடாது.

ஓலைச்சுவடிக்கு மெல்லிய தூரிகை, அளவாக எலுமிச்சைப்புல் எண்ணெய். எண்ணெய் அதிகமானால் தூசி ஒட்டி இரட்டை வேலை. கயிற்றை இறுக்கினால் துளை கிழியும். ஏட்டெண் தமிழ் எண்ணில் இருப்பதால், அவிழ்க்கும் முன் அதை வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இத்தனையும் கைவேலை. தலைவேலை பெயர்களில்தான். திருமுழுக்குப் பதிவேட்டைத் தேடி வருகிறவர் 'எங்க தாத்தா பேரு ராயப்பன்' என்பார். லத்தீன் ஏட்டில் அவர் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், பெலவேந்திரன் அந்திரேயாஸ். சவரிமுத்துவை பிரெஞ்சுக் குரு தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். அடுத்து வந்தவர் வேறு மாதிரி. குருக்களுக்கும் இதே கதி. ஜான் தெ பிரிட்டோ ஊருக்கு அருளானந்தர். பெஸ்கி தைரியநாதர், வீரமாமுனிவர். நொபிலி தத்துவ போதகர். ஆளுக்கு ஒரு அட்டை போட்டு எல்லா வடிவத்தையும் அதில் ஏற்றிவைக்காவிட்டால் தேடுபவர் ஒரே ஆளை மூன்று பேர் என்று எண்ணிப் போவார். ஏட்டில் உள்ளதை நவீன எழுத்துக்கு 'திருத்தி' மாற்றக்கூடாது. உள்ளபடி ஒரு பத்தி, ஒப்பு வடிவம் ஒரு பத்தி. இன்னொன்று: 19ஆம் நூற்றாண்டில் பதுரவாதோ (போர்ச்சுகல் அரசின் புரவலுரிமை) குருக்களும் மிஷன் குருக்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஊர்களில் கோயில் இரண்டு, பதிவேடும் இரண்டு. ஒரு ஏட்டில் இல்லை என்று சொல்வதற்கு முன் மற்றதையும் பார்த்தாகவேண்டும்.

பழைய பதிவேடுகளைக் கவனமாகக் காக்கவேண்டும் என்பது 1983 திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் விதியிலேயே இருக்கிறது. அதே சட்டத்தின் 489ஆம் விதி மறைமாவட்ட இரகசியக் காப்பகத்தைப் பற்றியது: ஒழுக்கக் குற்ற வழக்கில் குற்றவாளி இறந்துவிட்டாலோ தண்டனைத் தீர்ப்பு வந்து பத்து ஆண்டு ஆகிவிட்டாலோ, சுருக்கமும் இறுதித் தீர்ப்பும் தவிர்த்து மற்றதை ஆண்டுதோறும் அழித்துவிட வேண்டும். 2019இல் வத்திக்கானில் நடந்த கூட்டத்தில் ஜெர்மன் கர்தினால் மார்க்ஸ், பாலியல் துன்புறுத்தல் வழக்குக் கோப்புகள் அழிக்கப்பட்டன, சில உருவாக்கப்படவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். காப்பக வேலை செய்கிறவர் கண்ணுக்கு இந்த விதி ஒட்டவில்லை. பூட்டி வைப்பது வேறு, எரிப்பது வேறு. பூட்டியதை ஒருநாள் திறக்கலாம். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் (பயஸ்) காலத்து வத்திக்கான் தாள்கள் 2020 மார்ச் 2 அன்று திறந்தன.

இப்போதைய சிக்கல் பெட்டியில் இல்லை. மாநிலத் தலைவர்கள் 1990களில் ஃபேக்ஸில் வாங்கிய கடிதங்கள் வெப்பத்தாளில் வந்தவை. பல ஏற்கெனவே வெள்ளையாகிவிட்டன, மீதியை உடனே நகலெடுக்கவேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் மின்னஞ்சல். பதவி முடிந்ததும் மடிக்கணினியை ஃபார்மட் செய்து அடுத்தவரிடம் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. சுத்தமாகக் கொடுத்தோம் என்ற திருப்தி வேறு. அந்தச் சனிக்கிழமை இப்போது அலமாரிக்குப் பதில் கணினிக்கு வந்திருக்கிறது. கொடுப்பதற்கு முன் அஞ்சல் பெட்டி முழுவதையும், கோப்புறை அமைப்பு கலையாமல், இரண்டு வன்தட்டில் எடுத்து இரண்டு ஊரில் வைக்கவேண்டும். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு வரவுப் பதிவேட்டோடு சேர்க்கவேண்டும்.

வயதான குரு ஒருவர் இறந்தால் அடக்கம் முடிந்த மறுநாளே அறையைக் காலி செய்துவிடுகிறார்கள். அங்கி ஒருவருக்கு, கடிகாரம் ஒருவருக்கு, தாள் எல்லாம் சாக்குக்கு. காப்பகத்துக்கு ஒரு போன் வந்தால் போதும். வரும்வரை அறையைப் பூட்டி, சாவியை இல்லப் பொருளாளரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாக்கு கட்டியாகிவிட்டது என்றால், அதை அவிழ்க்காமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.