நிலா எத்தனை பேர்ச்?

போன மாசியில், இத்தனை பேர்ச் என்று நில அளவு போட்ட ஒரு காணி உறுதிப் பத்திரத்தைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். அதில் ஓரிடத்தில் 'நில அளவையாளர்' என்று இருக்க வேண்டியது 'நிலா அளவையாளர்' ஆகிவிட்டது. அந்த நேரம் காதில் என்ன ஓடியது என்று சொல்லத் தேவையில்லை, தமிழ் சினிமாவில் நிலா வராத காதல் பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உறுதிக்காரர் மலையகத்து ஹட்டன் டவுனில் என்னைக் கண்டதும், "ஏன் தம்பி, நெலா எத்தன பேர்ச்சு வந்திச்சு?" என்று கேட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து வேலை செய்யும்போது கேட்கும் பாட்டு விஷயத்தில் நான் ரொம்பக் கறார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து சொல் பொறுக்குகிறவனுக்கு அந்த மூன்றில் எதில் பாட்டுப் போட்டாலும், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான். சரி, தெரியாத மொழிக்குப் போவோம் என்று இந்திப் பாட்டுகளை இறக்கி வைத்தேன். அதுவும் உதவவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, 1976இலேயே கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜெர்மன் தெரியாதவர்களுக்கு ஜெர்மன் வாசிப்பைப் பின்னணியில் போட்டுவிட்டுத் திரையில் வரும் எழுத்துகளை வரிசையாக ஞாபகம் வைக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். புரியாத பேச்சும் வரிசையைக் குழப்பியிருக்கிறது.

ஆனால் பாட்டு அத்தையின் வேலையை ஒன்றும் செய்வதில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேயிலை மலைக்குப் போனால், 18 கிலோ கொழுந்து எடுத்து முடிக்கும்வரை இளையராஜாதான். கை அதன் பாட்டுக்குப் போகும் வேலைக்குப் பாட்டு துணை. பிபிசி 1940இல், யுத்த நேரத்தில், தொழிற்சாலை ஆட்களுக்கென்றே தினம் இரண்டு அரைமணி நேர இசை நிகழ்ச்சி தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். அதிலும் ஒரு பாட்டை ஒதுக்கி வைத்தார்கள், நடுவில் கைதட்ட வேண்டிய பாட்டு அது, ஆட்கள் கருவியைக் கீழே போட்டுவிட்டுத் தட்டுவார்களாம்.

சொல்லே இல்லாத இசைதான் வழி என்று நினைத்தால் அதற்குள்ளும் பொறி இருக்கிறது. சினிமாப் பாட்டை வீணையிலோ புல்லாங்குழலிலோ வாசித்தால் விட்டுப்போன வரிகளை மண்டை தானே நிரப்பிக்கொள்ளும், அது பாடுவதைவிட மோசம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போட்டுப் பார்த்தேன். வார்த்தை இல்லைதான், ஆனால் வயலின்கள் ஒன்றையொன்று துரத்தும்போது யாரால் உறுதி எழுத முடியும்? கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். நல்ல இசை பின்னணிக்கு ஆகாது, இது என் கட்சி.

யோசித்துப் பார்த்தால் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்ததே ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலைச் சத்தத்தில்தான். நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்குக் கீழேதான் ஸ்டோர், கொழுந்து வாட்டும் விசிறிகள் ராத்திரி முழுக்க ஒரே சீராக உறுமும். அது ஓடும்வரை ஒன்றும் கேட்காது, நின்றால்தான் திடுக்கிடும். மாறிக்கொண்டே இருக்கிற சத்தம்தான் கவனத்தை இழுக்கும், மாறாத சத்தத்தை மண்டை விட்டுவிடும் என்று பிற்பாடு வாசித்தபோது, இதைத்தானே அந்த விசிறி சொன்னது என்று தோன்றியது.

தகரத்தில் விழும் மழையும் அதே வகை. வெளியே சொல்லாதீர்கள், தை மாதம் மழை இல்லாத நாட்களில் பத்து மணி நேர மழைச் சத்தத்தை டேட்டா செலவழித்து இறக்கியிருக்கிறேன், மழைக்குக் குறைவில்லாத ஹட்டனில் இருந்துகொண்டு.

இப்போதைக்கு நிலைத்திருப்பது ஒரே சுருதியில் ஓடும் தம்புரா. போனில் சுருதிப் பெட்டிச் செயலி, கட்டை ஒன்றரை, சத்தம் குறைவாக, அவ்வளவுதான். இரண்டு மாதமாக எந்த அளவையாளரையும் வானத்துக்கு அனுப்பவில்லை. போன ஞாயிறு அத்தை தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோப்பை காலியாகும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றார்.